வசந்தத்தின் முதல் அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது எப்படி? நடுக்குளிரிலேயே தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பனி நீண்ட நாள் தங்கும் ஊர்களில் வசந்தம் எப்போது வந்தது என்று கேட்டால், மரங்கள் பச்சையான வாரத்தைத்தான் பெரும்பாலானோர் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கியிருக்கும். இந்த வழிகாட்டி அந்த முந்தைய வாரங்களுக்கானது.

செடிகள், பறவைகள் பற்றிப் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். மார்ச்சில் கிளம்புகிறார்கள், கண்ணில் பட்டதையெல்லாம் புதிது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதில் பாதி நவம்பரிலிருந்தே அங்கே இருந்தவை. நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று என்ன மாறியது என்று தெரியும். அதனால் தொடக்கம் ஜனவரியில்.

இங்கே சொல்லும் மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். ‘தெற்குப் பக்கம்’ என்று வரும் இடமெல்லாம் ‘வடக்குப் பக்கம்’ என்று படியுங்கள், வெயில் உங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

1. கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு சிறிய நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், கடுங்குளிரில் மை உறைந்து எழுதாது. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று இருந்தால் மொட்டுகளைப் பார்ப்பது வேறு அனுபவமாகிவிடும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

பளிச்சென்ற நிறத்தில் கொஞ்சம் நூல் அல்லது நாடா எடுத்துக்கொள்ளுங்கள், கிளைகளில் அடையாளம் கட்ட. வெப்பமானி ஒன்று, நிழலில், ஏறக்குறைய தலை உயரத்தில் மாட்டுவதற்கு. போனில் வரும் வெப்பநிலை உங்கள் தெருவுக்கானதாக இருக்காது. மரமும் பூச்சியும் உங்கள் தெருவின் வெப்பநிலைக்குத்தான் அசைகின்றன.

தண்ணீர் புகாத, வழுக்காத பூட்ஸ் கட்டாயம். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, காலையில் நடைபாதை கண்ணாடியாகக் கிடக்கும். குளத்தின் மேலிருக்கும் ஐஸ் மீது, எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், இந்தக் காலத்தில் கால் வைக்காதீர்கள்.

2. ஒரு சுற்றுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இருபது, முப்பது நிமிடத்தில் நடந்து முடிக்கக்கூடிய ஒரே பாதை போதும். அழகான இடம் தொலைவில் இருக்கும். வாரம் மூன்று முறை போக மாட்டீர்கள். வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் சாதாரணத் தெருவே இதற்கு ஏற்றது.

பாதையில் இவை இருக்கிறதா என்று பாருங்கள்: தெற்கு பார்த்த ஒரு சுவர் அல்லது சரிவு, எப்போதும் நிழலில் கிடக்கும் ஒரு மூலை, நாலைந்து வகை இலையுதிர் மரங்கள், கொஞ்சம் வெறும் மண், முடிந்தால் சிறிது தண்ணீர். தெற்குச் சரிவிலும் நிழல் மூலையிலும் ஒரே செடி பூக்கும் நாளில் வாரக்கணக்கில் வித்தியாசம் வரும். இரண்டும் பாதையில் இருந்தால் வசந்தம் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்று தெரிந்துவிடும்.

நான்கைந்து மரங்களை மட்டும் உங்கள் மரங்களாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குக்கு நேர்கீழே நிற்பதைத் தவிர்த்துவிடுங்கள், இரவு வெளிச்சம் படும் மரங்கள் சற்று முன்னதாகவே துளிர்விடும். சூடு கசியும் சுவரை ஒட்டி நிற்பதும் அப்படித்தான். அவற்றைக் கவனிக்கலாம், ஆனால் ஊரின் நிலவரத்துக்கு அவற்றைச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு மரத்திலும் கண் மட்டத்தில் ஒரு கிளையில் நாடாவைத் தளர்வாகக் கட்டுங்கள். இது செய்யாதவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த மரத்தில் எது முன்னேறியிருக்கிறதோ அந்தக் கிளையையே பார்த்துவிட்டுப் போவார்கள். பொது இடத்து மரங்களில் கட்ட அனுமதி இல்லையென்றால், அடிமரத்திலிருந்து எத்தனையாவது கிளை என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

3. குளிர்கால நிலையை முதலில் பதிவு செய்யுங்கள்

ஜனவரியில் ஒரு நாள் முழுப் பாதையையும் மெதுவாக நடந்து, இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். அடையாளக் கிளையைப் பக்கத்தில் போய் ஒரு படம், மரத்தை முழுதாக ஒரு படம். மொட்டுக்குப் பக்கத்தில் விரல் நகத்தையோ நாணயத்தையோ வைத்து எடுங்கள். அளவு தெரியாத படம் இரண்டு மாதம் கழித்து எதற்கும் உதவாது.

ஏன் இவ்வளவு சிரத்தை? வசந்தத்தின் அடையாளம் என்று பலரும் காட்டுபவை நடுக்குளிரிலேயே இருப்பவைதான். மரங்களின் மொட்டுகள் போன கோடையிலேயே உருவாகிவிட்டன, இலை உதிர்ந்ததால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பாசி குளிரிலும் பச்சையாக இருக்கும். டாஃபோடில் இலை நுனிகள் இதமான ஆண்டுகளில் டிசம்பரிலேயே மண்ணைவிட்டு எட்டிப்பார்க்கும். விட்ச் ஹேசலும் குளிர்கால மல்லிகையும் குளிரில் பூப்பதே வழக்கம். இலையுதிர் காலத்திலிருந்து விட்டு விட்டுப் பூக்கும் ஒரு செர்ரி வகைகூட உண்டு. அதை ஜனவரியில் பார்த்துவிட்டு ‘வசந்தம் வந்தாச்சு’ என்று ஊரெல்லாம் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் ‘ஏற்கெனவே இருப்பவை’ என்று தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் பிறகு நிறைய வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

4. ‘இன்னும் இல்லை’ என்பதையும் எழுதுங்கள்

குறிப்பு எழுதும் முறையை இங்கேயே பழகிவிடுங்கள், பிறகு திருத்துவது கடினம்.

ஒவ்வொரு முறை போய்வந்ததும் தேதி, நேரம், வெப்பநிலை, அப்புறம் உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. இந்த ‘இல்லை’யைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மார்ச் 12 அன்று முதல் பூவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 10 அன்று ‘இல்லை’ என்று பதிவு இருந்தால், பூ இந்த இரண்டு நாளுக்குள் விரிந்தது. முந்தைய பதிவு பிப்ரவரி 25 என்றால் மார்ச் 12 என்பது நீங்கள் அந்தப் பக்கம் போன நாள், அவ்வளவுதான்.

வெயில் அடிக்கும் நாளில் மட்டும் போவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவது இரண்டும் இதே பிரச்சினையைக் கொண்டுவரும். முதல் பூக்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலேயே பூக்கும் விசித்திரமான நோட்டு ஒன்று உங்களிடம் இருக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் போவது நல்லது. மழை பெய்தால் பத்து நிமிடம் போதும், ஆனால் போங்கள்.

அங்கேயே நின்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதும்போது நேற்றையதும் இன்றையதும் கலந்துவிடும்.

5. முதல் மாற்றம் வெளிச்சத்தில்

வெப்பநிலை ஏறுவதற்கு வெகு முன்பே பகல் நீளத் தொடங்கிவிடும். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் நடு அட்சரேகைகளில் மிக முன்னதான சூரிய அஸ்தமனம் அதற்குப் பத்து நாள் போல முன்பே வந்துபோய்விடும். மிகத் தாமதமான சூரிய உதயமோ ஜனவரி முதல் வாரத்தில்தான் வரும். அதனால் மாலைதான் முதலில் நீளும், காலை இருட்டு அப்படியே இருக்கும். காலையில் மட்டும் நடப்பவர்கள் ஜனவரி முழுக்க ஒன்றும் மாறவில்லை என்று அலுத்துக்கொள்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. மாலையில் ஒரு குறிப்பிட்ட சன்னலிலிருந்து, தெருவிளக்கு இல்லாமல் எதிர்வீட்டுக் கதவு எத்தனை மணி வரை தெரிகிறது என்று வாரம் ஒருமுறை குறியுங்கள். மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும்போது, இந்த வேகம் உச்சத்தில் இருக்கும். 40 பாகை அட்சரேகையில் பகல் நாளுக்குச் சுமார் 2.7 நிமிடம் கூடும், 50 பாகையில் 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 60 பாகையில் சுமார் 5.5 நிமிடம்.

வெளிச்சத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்து வரும் பல மாற்றங்களுக்குத் தூண்டுகோல் இதுதான்.

6. அடுத்தது காது

வெளியே எல்லாம் வெள்ளையாக இருக்கும்போதே ஊர்ப் பறவைகள் பாடத் தொடங்கும். பகல் நீள்வது அவற்றின் உடலில் இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டும். குளிர் எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம். ஐரோப்பாவில் கிரேட் டிட் இரண்டு சுரங்களை ரம்பம் அறுப்பதுபோல மாற்றி மாற்றிச் சொல்வதை ஜனவரியிலேயே கேட்கலாம். வட அமெரிக்காவில் சிக்கடீ, உயர்ந்து பிறகு தாழும் இரண்டு சுர விசிலைத் தொடங்கும். மரங்கொத்தி இரை தேடிக் கொத்துவது ஒழுங்கில்லாமல் கேட்கும். எல்லையை அறிவிக்க உலர்ந்த கிளையில் அடிப்பதோ ஒரே மூச்சில் படபடவென்று உருண்டு வரும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது.

இதற்கு ஒரு நடைமுறை. சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், காற்று இல்லாத காலையில், ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே கேட்டால் பனியில் உங்கள் காலடிச் சத்தம்தான் கேட்கும். கூவுவதையும் பாடுவதையும் பிரித்துக்கொள்ளுங்கள்: எச்சரிக்கைக் குரலும் கூட்டத்தை அழைக்கும் குரலும் ஆண்டு முழுக்க உண்டு. திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தில், பெரும்பாலும் உயரமான கிளையிலிருந்து வருவது பாட்டு.

மெர்லின் போன்ற செயலிகள் ஒலியை வைத்துப் பெயர் சொல்லும். உதவியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். மைனா குடும்பத்து ஸ்டார்லிங் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே பாவனை செய்யும். பிப்ரவரியில் செயலி ஏதோ வெப்பநாட்டுக்குப் போன பறவையின் பெயரைக் காட்டினால், கூரைமேல் ஒரு ஸ்டார்லிங் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ராபின் விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை. ஐரோப்பிய ராபின் குளிர்காலம் முழுவதும் பாடும், அதனால் அதன் பாட்டு எதற்கும் அடையாளம் ஆகாது. அமெரிக்க ராபின் வேறு இனம். அதில் பல தெற்கே போகாமல் பழங்களைத் தின்று கூட்டமாகக் குளிரைக் கழிக்கும். பழ மரத்தில் கூட்டத்தைப் பார்த்தால் அது குளிர்காலக் காட்சி. தனியாக ஒரு ஆண் உச்சிக் கிளையில் நின்று பாடினால், புல்தரையில் மண்புழுவை இழுத்தால், அதை எழுதுங்கள்.

7. பனி எங்கே முதலில் விலகுகிறது?

பனி ஒரே சீராக உருகாது. மரத்தின் கருத்த தண்டு வெயிலை உறிஞ்சிச் சூட்டை வெளிவிடும். அதனால் அடிமரத்தைச் சுற்றி ஒரு குழி முதலில் தோன்றும், தெற்குப் பக்கத்தில் ஆழம் அதிகம். பனிமேல் கிடக்கும் ஒரு காய்ந்த இலைகூடத் தன் வடிவத்திலேயே ஒரு பள்ளத்தை உண்டாக்கி உள்ளே இறங்கும். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதே இது நடக்கும், ஏனென்றால் வேலை செய்வது வெயில். இதைப் பார்க்க மதியம் போக வேண்டும்.

மண்ணைக் கவனியுங்கள். உறைந்த மண் பெரும்பாலும் மேலிருந்து உருகும், அடியில் இன்னும் இறுகியே இருக்கும். உருகிய நீருக்கு இறங்க வழி இல்லாததால்தான் அந்த வாரங்களில் இப்படி ஒரு சேறு. பூட்ஸ் புதைகிறதே என்று சலித்துக்கொள்ளும் நாள் உண்மையில் ஒரு முக்கியப் பதிவு. மண்புழு எச்சம் மண்மேல் சுருள் சுருளாகத் தெரிய ஆரம்பித்தால் மேல்மண் உயிர்பெற்றுவிட்டது என்று குறிக்கலாம்.

பனிமேல் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் குதிப்பதைப் பார்த்துச் சிலர் துள்ளுவார்கள். அவை ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறு உயிரிகள், நடுக்குளிரின் இதமான நாளிலும் மேலே வரும். பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

மேப்பிள் மரங்கள் இருந்தால் ஒடிந்த சுள்ளி நுனிகளைப் பாருங்கள். இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் மேலும் போகும் நாட்களில் சாறு ஓடும். நுனியிலிருந்து சொட்டும், அல்லது சொட்டியது உறைந்து குச்சி ஐஸாகத் தொங்கும்.

8. தொங்கு பூச்சரங்கள்: இங்கே அதிக நேரம் கொடுங்கள்

ஹேசல், ஆல்டர் போன்ற மரங்களில் கேட்கின் எனப்படும் பூச்சரங்கள் தொங்கும். செடி உலகில் பல இடங்களில் முதல் உண்மையான பூ இவைதான். புதியவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான், ஏனென்றால் ஆண் பூச்சரங்கள் இலையுதிர் காலத்திலேயே கிளையில் வந்துவிடும். அப்போது அவை குட்டையாக, கெட்டியாக, பழுப்புப் பச்சையில், விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும். ‘பூச்சரம் வந்துவிட்டது’ என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

பார்க்க வேண்டியது மூன்று படிகள். முதலில் சரம் நீளும், தளரும், காற்றில் ஆடத் தொடங்கும். அடுத்து செதில்கள் விலகி இடையில் மஞ்சள் தெரியும். கடைசியாக விரலால் லேசாகத் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். தூள் பறந்த நாள்தான் பூத்த நாள். கருநிறக் கையுறை போட்டிருந்தால் தூள் தெளிவாகத் தெரியும்.

பெண் பூவைத் தேடாமல் நகராதீர்கள். ஹேசலில் அது சாதாரண மொட்டு போலவே இருக்கும், நுனியில் மட்டும் கருஞ்சிவப்பில் சில இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், சில மில்லிமீட்டர்தான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கிளையை லென்ஸுக்கு அருகே கொண்டுவாருங்கள். லென்ஸைக் கிளைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் சரியாகத் தெரியாது. ஒரு முறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாகவே அந்தச் சிவப்பைத் தேடிப் பிடிக்கும். பக்கத்தில் இத்தனை ஆண்டுகள் நடந்தும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம்.

இலைக்கு முன் பூ ஏன் என்றால், இவை காற்றில் மகரந்தம் அனுப்புபவை. இலைகள் விரிந்துவிட்டால் அவையே தூளைத் தடுத்துவிடும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பனி கிடக்கும்போதே தும்மல் தொடங்குவதற்குக் காரணமும் இதுதான். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் அவர் தும்மலையும் தேதியோடு எழுதி வையுங்கள், அவ்வளவு மோசமான கருவி இல்லை.

வில்லோவில் முறை வேறு. அதன் மொட்டை ஒரே ஒரு செதில் தொப்பியாக மூடியிருக்கும். அது கழன்று வெள்ளிநிற மயிர் தெரிவது முதல் பதிவு, அதிலிருந்து மஞ்சள் மகரந்தப் பைகள் எழுவது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள், இடையில் வாரங்கள் போகலாம்.

9. தரையிலிருந்து வருபவை

ஸ்னோட்ராப், வின்டர் அகோனைட், குரோக்கஸ் ஆகியவை கிழங்கிலோ குமிழிலோ சேமித்த உணவை வைத்து முந்திக்கொள்பவை. மேலே மரங்கள் இலைவிட்டு நிழல் தருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம். அதனால் இலையுதிர் மரங்களின் அடியில் தேடுங்கள்.

இலை நுனி தெரிவதைத் தனியாகவும் பூ விரிவதைத் தனியாகவும் குறியுங்கள். நுனி வெளிவந்தபின் பனி மூடினால் அப்படியே வாரக்கணக்கில் நிற்கும்.

பூ விரிந்ததா என்று பார்க்கும் நேரமும் முக்கியம். ஸ்னோட்ராப்பின் வெளி இதழ்கள் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் நன்றாக விலகும். குரோக்கஸ் சூட்டுக்குத் திறந்து குளிருக்கு மூடிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு ‘இன்னும் மொட்டுதான்’ என்று எழுதியவர், மதியம் ஒரு மணிக்குப் போயிருந்தால் முழுப் பூவைப் பார்த்திருப்பார். பறவைக்குக் காலை, பூவுக்கு மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. வீட்டுக்குள் ஒரு கிளைச் சோதனை

இது வெளியே கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டும். குளிர்நாட்டு மரங்கள் பலவற்றுக்கு, சூட்டுக்கு இணங்குவதற்கு முன் குறிப்பிட்ட அளவு குளிர் தேவை. உறைநிலைக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி வரை, பல வாரங்கள். அந்தக் கணக்கு முடியும்வரை இதமான நாள் வந்தாலும் மொட்டு அசையாது. டிசம்பர் வெயிலில் எல்லா மரமும் துளிர்த்து, ஜனவரிக் குளிரில் கருகிவிடாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

ஃபார்சித்தியா போன்ற, இலைக்கு முன் பூக்கும் புதரிலிருந்து, உரிமையாளரின் அனுமதியோடு, முன்கை நீளத்துக்கு ஓரிரு கிளைகளைச் சாய்வாக வெட்டுங்கள். குண்டாக இருக்கும் மொட்டுகள் பூவுக்கு உரியவை, அவை அதிகம் உள்ள கிளையாக எடுங்கள். தண்ணீரில் வைத்து, வெளிச்சம் உள்ள, அதிகச் சூடில்லாத அறையில் விடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் மொட்டு காய்ந்து உதிரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

ஜனவரியில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று, மறுபடி இரண்டு வாரம் கழித்து ஒன்று என்று வெட்டி, ஒவ்வொன்றும் பூக்க எத்தனை நாள் ஆகிறது என்று குறியுங்கள். வசந்தம் நெருங்க நெருங்க அந்த நாட்கள் குறைந்துகொண்டே வரும். வெளியே மரம் உறங்குவதுபோலத்தான் நிற்கும், ஆனால் உங்கள் கண்ணாடிக் குடுவையில் அது எவ்வளவு தயாராக இருக்கிறது என்று தெரியும்.

11. பூச்சிகளும் தவளைகளும்

வெயிலும் காற்றில்லாமையும் சேர்ந்து 10 டிகிரியைத் தொடும் முதல் நாளில் தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே வரும். குளிர் முழுக்க அடக்கி வைத்த கழிவை வெளியேற்றவே அந்தப் பறத்தல், பனிமேல் சிறு மஞ்சள் புள்ளிகள் விழுந்திருக்கும். ராணி பம்பிள்பீ தரையை ஒட்டித் தாழ்வாக வளைந்து வளைந்து பறந்தால் கூடு கட்ட இடம் தேடுகிறது என்று பொருள். பூவில் உட்கார்ந்திருப்பதைவிட இது உறுதியான அடையாளம்.

முதல் பட்டாம்பூச்சியாகத் தெரிபவை பெரும்பாலும் முழு வளர்ந்த நிலையிலேயே குளிரைக் கழித்தவை: ஐரோப்பாவில் மஞ்சள் நிற பிரிம்ஸ்டோன், வட அமெரிக்காவில் மோர்னிங் க்ளோக். தெற்குச் சுவர்களில் தேடுங்கள். கூட்டமாக மேலும் கீழும் ஆடும் கொசு போன்ற பூச்சிகள் குளிர்காலத்தின் எந்த இதமான மாலையிலும் வரும், ஏமாற வேண்டாம்.

தவளைகளுக்கு இரவில் போக வேண்டும், அதுவும் மழை தூறும், உறைபனி இல்லாத முதல் இரவுகளில். மறுநாள் காலை ஆழமில்லாத ஓரங்களில் முட்டைத் திரள் இருக்கிறதா என்று பாருங்கள், தொடாமல்.

புல்லுக்குள் நடந்துவிட்டு வந்தால் கால்களைச் சோதியுங்கள். 4 டிகிரிக்கு மேல் போனாலே சில உண்ணிகள் விழித்துக்கொள்ளும். ‘இன்னும் குளிர்தானே’ என்று அலட்சியமாக இருக்கும் வாரங்களில்தான் கடி வாங்குகிறார்கள்.

12. வந்து சேரும் பறவைகள்

இதில் சுருக்கமாக ஒன்றே ஒன்று. முதல் பறவையைப் பார்த்த நாளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தனியாக வந்த ஒன்று வழி தவறியதாகவோ குளிரை அங்கேயே கழித்ததாகவோ இருக்கலாம். முதல் பறவை, அடுத்தடுத்து மூன்று முறை போனபோதும் பார்த்த முதல் நாள் என்று இரண்டு தேதிகளை எழுதுங்கள். இரண்டாவது தேதிதான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத் தக்கது. தகைவிலான்கள் பறக்கும் பூச்சிகளை நம்பி வருபவை, அதனால் அவை வரும்போது இந்தப் பட்டியலில் பாதி ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும்.

13. மொட்டு உடைவதைப் படிப்படியாகக் குறிப்பது

நான்கு நிலைகள் போதும். இறுகிய மொட்டு. வீங்கிய மொட்டு: செதில்களுக்கு இடையே வெளிறிய கோடு தெரியும், அதுவரை மூடியிருந்த பகுதி வெளியே தள்ளப்படுவதால். பச்சை நுனி. இலை பிரிதல், அதாவது இலையின் அடிப்பகுதிவரை வெளியே வந்துவிடுவது. ஜனவரியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வீக்கம் என்பது ஒப்பிட்டால் மட்டுமே தெரியும்.

ஒரு மொட்டு உடைந்ததும் குறித்துவிடாமல், மரத்தின் மூன்று தனித்தனி இடங்களில் பார்த்த பிறகு ‘ஆம்’ போடுங்கள். ஒரே ஒரு கிளை முந்துவதற்குக் காயம், சூடான சுவர் என்று வேறு காரணம் இருக்கலாம்.

தேடும் வரிசை கீழிருந்து மேலே. புதர்களும் மரக்கன்றுகளும் முதலில் துளிர்க்கும், பெரிய மரங்களின் நிழல் வருமுன் வெயிலைப் பிடித்துக்கொள்ள. ஓக், பீச் போன்றவை கடைசி. பழுப்பான பழைய இலைகளைக் குளிர் முழுக்க உதிர்க்காமல் வைத்திருக்கும் இளம் பீச், ஓக் மரங்களைக் கண்டால், அந்தக் காய்ந்த இலைகள் விழத் தொடங்கும் நாளைக் குறியுங்கள். மொட்டு பருக்கும்போது அவை உதிரும். வசந்தத்தில் இலை கொட்டுகிறதே என்று மரத்துக்கு நோய் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

நூறு அடி தள்ளி நின்றும் ஒரு பார்வை பாருங்கள். எல்ம், செம்மேப்பிள் மரங்களின் உச்சி, இலை வருவதற்கு முன்பே பூக்களால் மங்கலான சிவப்பாக மாறும். பக்கத்தில் போனால் தெரியாத நிறம் இது.

14. நடுவில் குளிர் திரும்பினால்

திரும்பும். அனேகமாக எல்லா ஆண்டும் ஒருமுறையாவது திரும்பும். பதிவுகளை அழிக்காதீர்கள். என்ன கருகியது, என்ன தப்பியது என்று எழுதுங்கள். ஸ்னோட்ராப் உறைபனியில் தலைசாய்ந்து, வெயில் வந்ததும் நிமிரும். விரிந்த இளந்துளிர்கள் கருத்துவிடும், மரம் பிறகு இருப்பில் இருக்கும் மொட்டுகளிலிருந்து இரண்டாம் முறை துளிர்க்கும். அந்த இரண்டாவது தேதியை முதல் துளிரின் தேதியோடு கலந்துவிடாமல் தனியாக வையுங்கள்.

வேறு ஊரில் இருக்கும் நண்பரின் படத்தைப் பார்த்து உங்கள் ஊர் பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். வட அமெரிக்காவில் வழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு: துருவத்தை நோக்கி ஒரு பாகை போனால் சுமார் 4 நாள் தாமதம், உயரத்தில் சுமார் 120 மீட்டர் ஏறினாலும் அதே அளவு. மலையடிவாரத்துக்கும் மேலே இருக்கும் குடியிருப்புக்கும் ஒரு வாரம் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம்.

15. ஆண்டு முடிவில்

பாதையில் எல்லா மரமும் இலை விரித்துவிட்டால் இந்த ஆண்டு வேலை முடிந்தது. தேதிகளை ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாக மாற்றி ஒரே தாளில் எழுதுங்கள்: பிப்ரவரி 1 என்றால் 32, மார்ச் 1 என்றால் 60, லீப் ஆண்டில் 61. அடுத்த ஆண்டோடு கழித்துப் பார்ப்பது இதனால் எளிதாகும். எது எதற்கு முன் வந்தது என்ற வரிசையையும் எழுதுங்கள். தேதிகள் முன்னும் பின்னும் நகரும்போதும் அந்த வரிசை பெரும்பாலும் அப்படியே நிற்கும், அடுத்த ஆண்டு எதை எப்போது தேட வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கும்.

கிளைகளில் கட்டிய நாடாக்களை மறக்க வேண்டாம். கோடையில் கிளை பருக்கும், இறுகிய நாடா அதை நெரிக்கும். இப்போதே அவிழ்த்து, ஒரு சுற்றுத் தளர்த்திக் கட்டிவிடுங்கள். நவம்பரில் இலை கொட்டியதும் எது இருக்கிறது, எது காற்றில் போயிற்று என்று ஒருமுறை சரிபார்த்தால் ஜனவரியில் நேராக மூன்றாவது படியிலிருந்து தொடங்கலாம்.